கதவுக்குப் பின்னாலிருந்து என் பெயர்

வகுப்பறைக்குள் என் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாளையம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து டவுன் பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை அவள் அம்மா. பள்ளிக்கூடத்து வராந்தாவில் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்த நொடியிலிருந்து அக்கா. வீட்டில் நீ, அங்கே நீங்க. ஐந்து வயதில் இந்தச் சட்டத்தை நான் கச்சிதமாகப் படித்துக்கொண்டேன். எவ்வளவு கச்சிதம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது, "அக்கா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டேன். லாரி ஓட்டிவிட்டு வந்து பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "அவ உனக்கு அக்கான்னா நான் யாரு தாயி, அத்தானா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அம்மாவைப் பெற்றவர்கள் திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தும் களையெடுத்தும் அவளைப் படிக்க வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டே மதுரைக்குப் போய் வந்து மாண்டிசோரி பயிற்சி முடித்தாள். டீச்சர் என்று அழைக்கப்பட்ட முதல் ஆள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவள்தான். அப்பா தூத்துக்குடி ரோட்டில் உப்பு லோடு அடித்துக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் என்னையும் அம்மாவின் வகுப்பிலேயே உட்கார வைக்கப் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் சம்மதித்தார். சம்மதித்த கையோடு ஒரு வார்த்தையும் சொன்னார்.

"டீச்சர் பிள்ளைங்கிற சலுகை ஒண்ணும் கெடையாது. இவ அடம்பிடிச்சு மத்த பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வந்துச்சுன்னா உங்க ரெண்டு பேருக்குமே சரிப்படாது. பாத்துக்கோங்க."

சரிப்படாவிட்டால் நான் நரிக்குடியில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. அத்தை நல்லவள்தான். கேட்டதெல்லாம் செய்து போடுவாள். ஆனால் அங்கே அம்மா கிடையாது, ஆடுகள்தான் உண்டு. அந்த வயதில் எனக்கு நரிக்குடி என்பது ஜெயிலுக்கு இன்னொரு பெயர். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டாவது அவளோடு இருப்பது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

அந்த வகுப்பு மற்ற வகுப்புகள் மாதிரி இருக்காது. பெஞ்சு, டெஸ்க், பிரம்பு எதுவும் இல்லை. இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பாயை விரித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து தங்களுக்கு வேண்டிய சாமானை எடுத்து வைத்துக்கொள்வோம். ரோஸ் கலர் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டலாம். ஜாடியிலிருந்து ஜாடிக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றலாம். எந்தச் சாமானும் ஒன்றுதான் இருக்கும். அடுத்தவள் வைத்திருந்தால், அவள் முடித்துத் திரும்ப வைக்கிறவரை காத்திருக்க வேண்டும். பிடுங்கக் கூடாது. அக்காவும் அப்படித்தான். அக்கா வேறொரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால் நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு இது எளிதாக வந்தது. அவர்கள் காத்திருந்தது யாரோ ஒரு டீச்சருக்காக.

அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தாள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு பக்கம். பிள்ளைகள் வேலை செய்யும்போது மூலையில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து எழுதுவாள். யார் எதை எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், எந்தக் கையால் பிடித்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பூக்கடைக்காரர் மகன் ஒருவன் கட்டைகளை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறான் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "கண்ணு டாக்டர்ட்ட காமிங்க" என்று சொன்னாள். அவனுக்குக் கண்ணாடி போட்டார்கள். அவன் அப்பா மறுநாள் இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அன்றைக்கு முழுவதும் அதைத் தலையில் வைத்திருந்தாள்.

அந்த நோட்டில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. மேலே என் பெயர் எழுதியிருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. சொந்தப் பிள்ளையைப் பற்றி எழுதி அதைப் பெரிய மேடம் பார்த்தால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்கிறாள். அதோடு, இவளைத்தான் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கிறோமே என்றும் நினைத்திருக்கிறாள். இதை அவளே பின்னால் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. கார்த்திகை பாதிவரை விடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மழை வருவதே பெரிய விஷயம், அதில் சளி பிடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் டிவியை ஒட்டி உட்கார ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் போக மாட்டேன். அப்பா பந்தல்குடி ரோடு பிரிகிற விலக்கில் லாரியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். "செல்லங் குடுத்துத்தான் இப்பிடி ஆயிப்போச்சு. நாலு தடவ கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கா" என்று அம்மா அப்பாவிடம் குறைபட்டுக்கொள்வாள். எனக்கோ ஒரு குறையும் தெரியவில்லை. பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் கேட்டது, பார்க்காவிட்டால் கேட்கவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வகுப்புக்கு ஆபத்து வந்துவிட்டது. வீட்டுப்பாடம் இல்லை, சிலேட்டு இல்லை, ஏ பி சி டி எழுதத் தெரியவில்லை என்று பெற்றோர்கள் பெரிய மேடத்திடம் முறையிட ஆரம்பித்தார்கள். "பாய் விரிச்சு வெளையாடுறதுக்கா பள்ளிக்கூடம்?" என்று ஒருவர் கேட்டாராம். ஒரு நாள் எல்லாப் பெற்றோரையும் வரச்சொல்லி, வகுப்பு நடப்பதை நேரில் காட்டுவது, அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவது என்று பெரிய மேடம் சொல்லிவிட்டார். அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாளுக்காக அவள் வைத்திருந்தது மௌன விளையாட்டு. பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கை கால் அசையக் கூடாது. காற்றாடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்கக் கூடாது. அக்கா பக்கத்து அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராக ரகசியக் குரலில் கூப்பிடுவாள். பெயர் கேட்டவர்கள் மட்டும் எழுந்து, பூனை நடை நடந்து அவளிடம் போய்ச் சேர வேண்டும். கத்திக் கூப்பாடு போடுகிற இருபது பிள்ளைகள் ஒரு ரகசியத்துக்குக் கட்டுப்படுவதைப் பார்த்தால் எந்தப் பெற்றோரும் வாயடைத்துப் போவார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணை மூடும் முன்பே பார்த்தேன். ஒருவர் வாயும் அசையவில்லை.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். என் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போவது தரையில் தெரிந்தது. அப்புறம் இன்னொருவன். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். தரை காலியாக இருந்தது. நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன். டீச்சர் பிள்ளை என்பதால் என்னைக் கடைசியாகத்தான் கூப்பிடுவாள், சலுகை கிடையாது அல்லவா. அடம்பிடிக்கக் கூடாது, அழக் கூடாது. நரிக்குடியை நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவ்வளவு நன்றாக நான் எப்போதும் உட்கார்ந்ததில்லை. அம்மாவுக்காக அன்று நான் செய்தது அதுதான்.

மறுபடியும் கண்ணைத் திறந்தபோது நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மேடம் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர், "ஊர்ப்பிள்ளைக எல்லாம் சொன்னதக் கேக்குதுக, சொந்தப் பிள்ளைக்குத்தான் காது கேக்கல போல" என்றாராம். எனக்கு அது கேட்கவில்லை. பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கடைத்தெரு தாண்டியதும் நின்று, என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டி இப்பிடி நாலு பேரு முன்னால மானத்த வாங்குன?"

"நீங்க கூப்பிடவே இல்லக்கா" என்றேன்.

"கூப்பிடலையா? மூணு தடவ கூப்பிட்டேன். பொய் வேற சொல்றியா?"

"எல்லாத்தையும் கூப்பிட்டீங்க. என்னைய மட்டும் கூப்பிடலக்கா."

பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் அவள் அம்மா என்பதை அன்று நான் மறந்துவிட்டேன். அவளோ வேண்டுமென்றே நக்கல் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். கை ஓங்கியது தெரிந்தது. கன்னத்தோடு காதையும் சேர்த்து விழுந்தது அடி. அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே கிடையாது. அதற்குப் பிறகும் இல்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டு, பாளையம்பட்டி வரும்வரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் என் தலையணை மஞ்சளாக நனைந்திருந்தது. வலது காதிலிருந்து சீழ் வடிந்து கழுத்துவரை காய்ந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாள். அருப்புக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சளி கட்டியிருக்கிறது, வலது காதில் சவ்வு ஓட்டையாகிவிட்டது, ரொம்ப நாளாகவே பிள்ளைக்குக் கேட்பது குறைந்திருக்க வேண்டும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். பிள்ளைகளைக் கவனிப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் என் கழுத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அப்பா வெளியே மருந்து வாங்கப் போன நேரத்தில், "நேத்து ஒரு அடி அடிச்சுட்டேன் சார். அதுனாலயா?" என்று மட்டும் கேட்டாளாம். அதனால் இல்லை, இது பழைய கோளாறு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அதை நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். அதற்குள் கேட்பது கூடாவிட்டால் மெஷினில் வைத்துப் பார்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். "வீட்டுல அவளுக்குத் தெரியாம பின்னால நின்னு மெதுவாக் கூப்பிட்டுப் பாருங்க. திரும்புறாளான்னு கவனிச்சுக்கிட்டே வாங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி மௌன விளையாட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வெயில் சாய்கிற நேரத்தில், என்னை முன்னறையில் உட்கார வைப்பாள். அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு என் பெயரைச் சொல்லுவாள். நான் எழுந்து போக வேண்டும். முதல் வாரம் ஒரு தடவைகூட நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கதவைத் திறந்துகொண்டு வருவாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். கோபம் இருந்தால் பரவாயில்லை, கோபமே இருக்காது. வெறும் கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் போய் இரவுச் சமையலைத் தொடங்குவாள். தட்டில் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

இந்த விளையாட்டில் நான் தோற்பதால்தான் அம்மா இப்படி இருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அப்படியானால் ஜெயிக்க வேண்டும். அவள் வகுப்பில் எதைக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, அசையாமல் இருந்து ஒன்றையே உற்றுப் பார்க்கக் கற்றிருந்தேன். எங்கள் அடுப்படி மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் அந்த ஜன்னல் வழியாக விழுந்து, கதவுக்கு அடியில் விரற்கடை அகலத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு போடும். அம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்றால் அந்தக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் விழும். கூப்பிடுவதற்காகக் கதவிடுக்குப் பக்கம் சாயும்போது ஒரு நிழல் தடிக்கும், இன்னொன்று மெலியும். திரும்ப நேராக நின்றால் இரண்டும் சமமாகிவிடும்.

கண்ணை மூடுகிற மாதிரி மூடி இமைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் தடித்து, மெலிந்து, சமமானது. எழுந்து பூனை நடை நடந்து போய்க் கதவைத் தள்ளினேன். அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறியது என்பதை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. அன்றைக்கு இரவு அவளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன்பிறகு நான் தோற்பது அபூர்வம். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகப் போனேன். ஒரு தடவை அவள் சும்மா கால் மாற்றி நின்றதற்கே எழுந்து போய்விட்டேன். "இன்னும் கூப்பிடவே இல்லையே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்தவன் பிள்ளை கட்டையை எப்படித் தூக்கிப் பார்க்கிறான் என்பதை வைத்தே கண் கோளாறைச் சொன்னவள், இதை வைத்துச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

பெரிய மேடம் சொன்னபடியே, கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த வகுப்பில் பாய்களைச் சுருட்டிவிட்டு பெஞ்சு போட்டுவிட்டார்கள். அம்மாவை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். கையில் பிரம்பு வந்தது. நோட்டு வீட்டுப் பரணுக்குப் போனது. நான் மூன்றாம் வகுப்பு போனபோது அங்கிருந்த டீச்சர்தான் நான் பலகையைப் பார்க்காமல் அவர் வாயையே பார்ப்பதைக் கவனித்துச் சொன்னார். திரும்ப மதுரைக்குப் போனோம். வலது காதுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, எலும்புவரை அரித்துவிட்டது, இடது காது பாதிதான் மிச்சம் என்றார்கள். முதலிலேயே வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நடுவில் நன்றாகக் கேட்டதே, திரும்ப எப்படிப் போனது என்று அம்மா இன்றும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் தன் கையைத்தான் பார்க்கிறாள். இருபது வருஷமாக அவள் அந்த ஒரு அடியைச் சுமந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நானும் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். கதவடி வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னால் அடியின் பாரம் குறையும். ஆனால் அன்று அவள் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷம் முழுக்க நான் செய்த மோசடி என்றும் ஆகிவிடும். எதைச் சொல்லி எதை மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பார்த்த மதுரை டாக்டர் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்ன அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா லோடுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பையில் என் துணிமணியும் டாக்டர் சீட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பி, ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் டாக்டரைப் பார்ப்பது என்று ஏற்பாடு. பஸ் தவறிப்போய், வீட்டுக்குத் திரும்பி வந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது.

"இப்பத்தான் நல்லாக் கேக்குதுல்லங்க. திரும்பப் போயி ஆபரேசன் அது இதுன்னு பிள்ளையப் பயமுறுத்தணுமா?" என்றாள் அம்மா.

"நெசமாக் கேக்குதா? நான் கூப்பிட்டா எங்க திரும்புறா?" என்றார் அப்பா.

"நீங்களே பாருங்க."

என்னை முன்னறையில் உட்கார வைத்தாள். அப்பா சுவரோரமாக நின்றுகொண்டார். அம்மா அடுப்படிக்குள் போனாள். நான் கண்ணை மூடுகிற மாதிரி மூடினேன். அன்று அதிகநேரம் ஆனது. கோட்டில் இரண்டு நிழலும் அசையாமல் நின்றன. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நிழல் தடித்தது. மெலிந்தது. சமமானது. எழுந்து நடந்தேன்.

கதவைத் தொடும் முன்பே அப்பா பின்னாலிருந்து என்னை அள்ளித் தூக்கிவிட்டார். அவர் மீசை கழுத்தில் குத்தியது. பையிலிருந்த துணிகளை அம்மா அப்போதே வெளியே எடுத்து வைத்தாள். மதுரைக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டைக்குப் போய் மூன்று பேரும் புரோட்டா சாப்பிடலாம் என்று அப்பா சொன்னதை அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டு நான் கை தட்டினேன். அந்த வருஷத்திலேயே எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். அதைச் செய்தது நான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் அம்மா எனக்குத் தலை சீவினாள். பின்னலை முடித்துவிட்டு, என்னை இழுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் சேர்த்து, வலது காதில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் நிறுத்தினாள், திரும்பவும் சொன்னாள். காது மடலில் அவள் மூச்சுச் சூடு பட்டுக் கூசியது. முகம் தெரியாததால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோளுக்கு மேல் அடுப்படிக் கதவையும், அதற்கடியில் யாருமில்லாமல் கிடந்த வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டு என்னைத் தள்ளிப் பிடித்து, சரியா என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள். கண் நிறைய நீர் இருந்தது. கேட்டதுபோல நான் தலையை ஆட்டினேன்.